‘பில் இல்லாம முடிச்சுக்கலாமா மேடம்?’ - கேஷ் தள்ளுபடி உண்மையிலேயே லாபமா?

“பில் வேணும்னா 18 பர்சென்ட் சேர்ந்துடும் மேடம். கேஷா குடுத்துடுங்க, ஒன்றரை லட்சத்துல முடிச்சுடலாம்.”

பாத்ரூம் டைல்ஸ் மாற்றியவர்கள், கிச்சன் கப்போர்டு போட்டவர்கள் எல்லோரும் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்போம். 27,000 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சென்னைப் புறநகரில், அப்பார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருக்கும் என் தோழியும் சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு பாத்ரூம்களும் புதுசாகின. மூன்று தவணையாகப் பணம் கைமாறியது. நான்கே மாதத்தில் கீழ் வீட்டு சீலிங்கில் ஓதம். கான்ட்ராக்டர் முதலில் “நாளைக்கு வர்றேன்மா” என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. வாட்டர் ப்ரூஃபிங் கெமிக்கல் தயாரித்த கம்பெனியைக் கேட்டால், “இன்வாய்ஸ் இருக்கா?” என்றார்கள். இல்லையே! மறுபடி தரையைப் பெயர்த்துச் சரிசெய்ய 60,000 ரூபாய் ஆனது.

அந்த 18% எல்லோருக்கும் உண்டா?

இல்லை. சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். தனியாக வேலை செய்யும் பிளம்பர், பெயின்டர், கொத்தனார் பலர் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜி.எஸ்.டி வசூலிக்கவே கூடாது. அப்படியிருக்க, அதைத் ‘தள்ளுபடி’ செய்வதாகச் சொல்வது வெறும் பேச்சு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வரியைத் தனியாகக் கேட்க முடியாது.

பதிவு பெற்றவர் என்றால், ஜி.எஸ்.டி எண்ணைக் கேளுங்கள். அதில் 15 இலக்கங்கள் இருக்கும். தமிழ்நாடு என்றால் 33-ல் ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும்.

இன்னொன்று, பில் இல்லாத வேலையிலும் வரி முழுதாகப் போய்விடுவதில்லை. டைல்ஸ், சிமென்ட் வாங்கும்போது கட்டிய வரி, அவர் சொல்லும் ‘கேஷ் ரேட்’டுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும்.

ரொக்கமே தப்பா?

தப்பில்லை. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் சனிக்கிழமை கூலி கையில் வந்தால்தான் அந்த வாரம் வீட்டில் அடுப்பெரியும். ரொக்கமாகக் கொடுப்பது வேறு, கணக்கில் காட்டாமல் கொடுப்பது வேறு. வரி ஏய்ப்புக்கு நாமும் துணை போகிறோம் என்பதோடு, நம் கையிலும் ஆதாரம் இல்லாமல் போகிறது.

ஒரே வேலைக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க, 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் இது பொருந்தும். மீறினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம்.

பில் எப்போது கைகொடுக்கும்?

* வேலையில் குறை வந்தால்: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் உரையாடல், போட்டோக்களை வைத்து முயலலாம். ஆனால், நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும்.

* வீட்டை விற்கும்போது: கூடுதல் அறை, புது மாடி போன்றவற்றுக்கான செலவை மூலதன ஆதாயக் கணக்கில் கழிக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். வெறும் பெயின்ட், சில்லறை ரிப்பேர் பொதுவாக இதில் சேராது.

வேலையை ஒப்படைக்கும் முன்...

* கூலி, பொருள் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்.

* முடிந்தால் பொருட்களைக் கடையில் நீங்களே பில்லோடு வாங்கிக்கொடுங்கள். கூலி மட்டும் அவருக்கு. வாரன்ட்டி உங்கள் பெயரில் இருக்கும்.

* முழுப் பணத்தையும் முன்கூட்டியே தராதீர்கள். பாத்ரூம் என்றால் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த தவணை.

* ரொக்கமாகக் கொடுத்தால் தேதி, தொகை, வேலை விவரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

* தள்ளுபடி வேண்டுமா? டைல்ஸ் ரகத்தை மாற்றியோ, வேலையைக் குறைத்தோ பேரம் பேசுங்கள். பில்லை விட்டுக்கொடுத்து வேண்டாம்.

தோழி இரண்டாவது முறை வேறொரு மேஸ்திரியைப் பிடித்தார். அவரும் சனிக்கிழமைதோறும் கேஷாகத்தான் கூலி வாங்கினார். ஆனால், ஒவ்வொரு முறையும் நாற்பது பக்க நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். “இது எனக்கும் நல்லதுதாம்மா. அப்புறம் நீங்க குடுக்கலைன்னு நான் சொல்ல முடியாது, நான் வாங்கலைன்னு நீங்களும் சொல்ல முடியாது” என்றாராம். அந்த நோட்டு இப்போது வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.