ஒரே விமானம், ஆளுக்கொரு அசதி

டிசம்பர் மாதம் சென்னையிலிருந்து சிட்னிக்கு அக்காவும் தம்பியும் ஒன்றாகப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அக்கா வழக்கம்போல நடமாடுகிறார். தம்பிக்கோ ராத்திரி 2 மணிக்கும் கண் மூடவில்லை. பகலில் தலை கிறுகிறுக்கிறது, பசி வேளை தவறி வருகிறது. உடம்பில் தெம்பில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. இருவரும் சொந்த ஊரில் எத்தனை மணிக்கு எழுந்து பழகியவர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதிதான் நம் உடல் கடிகாரம். அதன் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்கூட்டியே வரவழைப்பது கடினம். கிழக்கே போகும் பயணம் அதிகம் வாட்டுவது இதனால்தான்.

கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். ஆனால் அது எல்லாரையும் ஒரே பக்கம் திருத்துவதில்லை. வழக்கமாக விழிப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகவும் தணிந்திருக்கும். அந்த நேரத்துக்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் பட்டால் பின்னே தள்ளும். அக்கா சென்னையில் 4.30 மணிக்கு எழுபவர். அவர் உடம்பு தணியும் நேரம் ஏறத்தாழ 2 மணி, அதாவது சிட்னியில் காலை 7.30. தம்பி 8 மணிக்கு எழுபவர். அவருக்கு அது சிட்னியில் காலை 11. காலை 8.30 வெயிலில் இருவரும் நடந்தால் அக்கா தேறுவார், தம்பியின் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். ‘இறங்கியதும் வெயிலில் நில்லுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வது தவறு என்பேன். தம்பி முதல் நாள் 11 மணி வரை வீட்டுக்குள் இருப்பதே நல்லது. அடுத்தடுத்த நாட்களில் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவரலாம்.

வயதும் கணக்கில் வரும். முதியவர்களின் தூக்கம் எளிதில் கலைவது. ஊர் மாறினால் இன்னும் கலையும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளில் சில, தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கின்றன. அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். கிழக்கே போனால் அந்த நாள் குறுகும், மேற்கே போனால் நீளும். ஊசியின் அளவும் வேளையும் மாற வேண்டியிருக்கலாம். கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் பயண நேரத்தைக் காட்டி, எந்த ஊசி எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.