கூரைமேல் இருக்கும் பெட்டிக்கு யார் பொறுப்பு?

பால் காய்ச்சிக் குடிபுகுந்த கையோடு நம்மவர்கள் வீட்டில் எழும் கேள்வி, "வானவில் எப்ப வரும்?" என்பதுதான். வானவில் என்பது செயற்கைக்கோள் வழி வரும் நம் தமிழ்ச் சேனல். மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களை விட்டு, டவுனைச் சுற்றியுள்ள மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்தவர்களுக்கு இதற்கான பதில் வீட்டுக்குள் கிடைப்பதில்லை. அது கூரைமேல் இருக்கிறது. கூரைக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பல புளோக்குகளில் யாருக்கும் தெரியாது.

தோட்டத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1996இல் மியாசாட்-1 மேலே போனது. வீட்டில் டிஷ் வைக்க அதுவரை இருந்த தடையும் அந்த ஆண்டோடு விலகியது. லயத்து வீடுகளின் தகரக் கூரையோரம் டிஷ்கள் முளைத்தன. வீட்டுக்கொரு டிஷ், வீட்டுக்கொரு ஒயர். காற்றடித்துத் திரும்பிவிட்டால் மகன் ஏறி அசைத்துப் பார்ப்பான். உள்ளேயிருந்து அம்மா "வந்துருச்சு, விடு!" என்பார். அத்தோடு வேலை முடிந்தது.

அடுக்குமாடியிலும் பால்கனியில் சொந்தமாக ஒன்றை மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். நமக்குப் படம் தரும் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கின்றன. மலாக்காவிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, மேற்கே கொஞ்சம் சாய்ந்து, அடிவானத்திலிருந்து 77 பாகை உயரத்தில் இருக்கிறது. லண்டன்காரர் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இந்தக் கோணம் 25 பாகைதான். சுவரில் மாட்டினால் அவருக்குப் படம் வந்துவிடும். நமக்கோ மேல்வீட்டுப் பால்கனியே குறுக்கே நிற்கிறது. மேற்கு பார்த்த வீட்டுக்காரர் கம்பி வைத்து டிஷ்ஷை வெளியே நீட்டிச் சமாளிக்கலாம். கிழக்கு பார்த்த வீட்டுக்கு அந்த வழியும் இல்லை, கட்டடமே வானத்தை மறைத்துவிடும். நீட்டினாலும் நோட்டீஸ் வரும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தை, அதாவது சட்டம் 757ஐ ஒட்டிய விதிகளின்படி, வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். டிஷ் கழன்று யார் தலையிலாவது விழுந்தால் என்னாவது என்று நிர்வாகம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆக, கூரையில் எல்லாருக்குமாக ஒரே டிஷ்.

அதன் சிக்னலை வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது ஒரு சின்னப் பெட்டி. பழைய ஆண்டெனாவுக்குச் செய்ததுபோல ஒரு ஒயரைப் பத்தாகப் பிரித்துக் கொடுக்க இங்கே முடியாது. நாம் சேனலை மாற்றும்போது வீட்டு டிகோடர் 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ மேலே அனுப்பி, எந்த அலை வேண்டும் என்று கேட்கிறது. பத்து வீடும் பத்து விதமாகக் கேட்டால் டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் கருவி யாருக்குப் பதில் சொல்லும்? அதற்காகத்தான் நடுவில் மல்டிசுவிட்ச். அதிலிருந்து வீட்டுக்கொரு ஒயர் இறங்கும். பதிவு செய்யும் டிகோடர் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு ஒயர் தேவைப்படும்.

மெர்லிமாவ் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஒயர் வேலை செய்யும் தம்பியோடு கூரைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். கதவின் கீல் துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்கியது. உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, பச்சை பூத்த இணைப்பு முனைகள். ஒயர்களில் வீட்டு எண் எழுதி ஒட்டிய டேப் வெயிலில் வெளுத்து வெறும் டேப்பாக இருந்தது. ஒரு முனையைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார், தண்ணீர் சொட்டியது. "இடி ஒன்னு பக்கத்துல விழுந்தா இந்தப் பெட்டி போயிரும்ணே. புதுசு போடணும்னா யாரு காசு கொடுக்கிறது?" என்றார். மின்னலுக்குப் பேர்போன நாடு நம்முடையது. கருவிக்கு மின்சாரம் வருவதோ பொது மீட்டரிலிருந்து. பராமரிப்புக் காசு வசூலாகாமல் அந்த பில் நின்றால், மாடிப்படி விளக்கோடு வானவில்லும் அணையும்.

டிகோடர் பொருத்த வருகிறவர் வீட்டுச் சுவரில் உள்ள முனையைச் சோதித்து, "சிக்னல் இல்லை, நிர்வாகத்தைக் கேளுங்கள்" என்று போய்விடுவார். நிர்வாகம், "டிவி உங்கள் சொந்த விஷயம்" என்று கைவிரிக்கும். இடையில் மாதங்கள் ஓடும். 2021 ஜூன் 21 அன்று மியாசாட்-3 கோளாறாகி நாடெங்கும் பல சேனல்கள் இருண்டனவே, நினைவிருக்கிறதா? 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நேர்ந்த அந்தப் பழுதுக்குச் சில நாளில் மாற்று வழி செய்துவிட்டார்கள். ஐந்தாவது மாடிக் கூரையில் இருக்கும் பெட்டியைத் திறக்கத்தான் ஆளில்லை.

எனக்குப் பெரிய கவலை நம் வயசாளிகளைப் பற்றியது. அறுபது வயதுவரை தோட்டத்தில் மரம் சீவியவர்கள், கோயில் திடலிலும் பெரட்டுக் களத்திலும் நாள் முழுக்கப் பேச்சுத்துணையோடு இருந்தவர்கள், லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மகனும் மருமகளும் தொழிற்சாலைக்குப் போனபின் அந்த வீட்டில் கேட்கும் தமிழ்க் குரல் டிவியுடையது மட்டும்தான். இணையம் வந்துவிட்டது, கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள் இளையவர்கள். பொத்தான் போனைப் பேரன்தான் அழுத்திக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும் பாட்டிக்கு அது எந்த வகையில் உதவும்? மாதக் கட்டணம் இல்லாத செயற்கைக்கோள் பெட்டி 2012இல் வந்தது, ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. அதற்கும் அதே டிஷ் வேண்டும். 2017இல் வந்த இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்குச் சாதாரண ஆண்டெனா போதும், டிவி2இல் தமிழ்ச் செய்தி கிடைக்கும். செய்தி முடிந்த பிறகு மீதிப் பொழுதுக்கு அந்தப் பாட்டி என்ன செய்வார்?

கூரை பொதுச் சொத்து. அதில் கட்டடத்தோடு வந்த பொதுக் கருவியும் பொதுச் சொத்துதான் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காடு சேம நிதிக்கும் கட்டுகிறோம். குழாய்க்கும் கூரை ஒழுகலுக்கும் ஒதுக்குவதுபோல டிஷ்ஷுக்கும் ஒதுக்கச் சொல்லி ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பாக்கி வைத்தவருக்கு வாக்கு இல்லை, வாடகைக்கு இருப்பவருக்கும் இல்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்களில் வாடகைக்காரர்கள் எத்தனையோ பேர். பலருக்கு வீடு மகன் பெயரில் இருக்கிறது, மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அந்த மகன்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கட்டணப் பாக்கியைத் தீருங்கள். கூட்ட நோட்டீசோடு வரும் பிரதிநிதிப் படிவத்தில் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சேர்த்துவிடுங்கள். கூட்டத்துக்கு நாற்காலியைக் கீழ்த்தளத்தில் போடச் சொல்லி அக்கம்பக்கத்தாரிடம் இப்போதே பேசி வையுங்கள், அம்மா அப்பாவால் இன்னொரு மாடி ஏற முடியாது.