மடங்கும் முழங்கை

திருவொற்றியூரில் 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் பின்னாளில் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. பலூனில் பிறந்த நிறுவனம் 1987-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கி, பொம்மைக்கே திரும்பி வந்தது. ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்த, ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ பொம்மை வீரர்கள் பலருக்கு அமெரிக்க மூலத்தில் இல்லாத நிறங்கள் அமைந்தன. அவற்றுக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவர்களைத் தேடுகிறார்கள். இப்படிப்பட்ட பொம்மையை அட்டை பிரிக்காமல் அலமாரியில் வைப்பதா, எடுத்து விளையாடுவதா என்ற வாதம் ஓயவில்லை. இரண்டும் எதிரெதிர் என்று எண்ணுவதே பிழை. விளையாடத் தோதாகச் செய்ததால்தான் அது பார்க்கவும் சுவையாக இருக்கிறது.

அதன் உடலமைப்பே இதற்குச் சான்று. 1964-இல் வந்த முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குல உயரம், துணிச் சீருடை. 1982-இல் அது மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருங்கியது. நெஞ்சும் முதுகும் ஒரு திருகாணியால் இணைய, உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் கால்களை இடுப்போடு இழுத்துப் பிடித்திருக்கும். மறு ஆண்டே முழங்கைக்கு மேல் கை சுழலும் வசதியும் சேர்ந்தது. துப்பாக்கியை இரு கையாலும் பிடிக்க முடிந்தது. குழந்தையின் விளையாட்டுக்காகச் செய்த இந்த மாற்றங்கள்தான் அலமாரியிலும் வீரனை மண்டியிடவும் குறிபார்க்கவும் வைக்கின்றன.

மூட்டுகள் சிற்ப அழகைக் கெடுக்கின்றன என்பார்கள். கொலுப்படியில் நிற்கும் களிமண் பொம்மைக்கு மூட்டு வேண்டியதில்லை, உண்மைதான். செட்டியார் பொம்மையின் தொந்தியும் சிரிப்பும் ஒரே நிலையில் முழுமை பெறுகின்றன. போர்வீரன் அப்படியல்ல, அசைவுதான் அவன் குணம். அதை மறைத்து வழவழப்பாக்கினால் மிஞ்சுவது சிறிய சிலைதான்.

பிரிக்காத பொம்மைக்குத்தானே விலை அதிகம் என்பது வலுவான மறுப்பு. ஆனால் அந்த விலை எப்படி வந்தது? பெரும்பாலான பிள்ளைகள் அட்டையைக் கிழித்து, பொம்மையின் கட்டைவிரலை உடைத்து, துப்பாக்கியைத் தொலைத்ததால்தான் முழுசாக மிஞ்சியவை அரிதாயின. அவற்றுக்கு விலை கொடுப்பவர்களில் பலரும் அன்று அப்படி விளையாடியவர்கள்தான். யாரும் விளையாடாத பொம்மை அரிதாக இருந்தாலும் அதற்கு ஏங்க ஆளிருக்காது. தவிர, அட்டைக்குள் வைத்தாலும் ரப்பர் முதுமையடைகிறது. வளையம் இறுகி அறுந்தால் வீரன் இரண்டாகிவிடுவான். திறந்த பொம்மைக்குத் திருகாணியைக் கழற்றி, சொற்ப விலையில் புது வளையம் போட்டுவிடலாம். பிரிக்காததற்கு அந்த வைத்தியம் செய்ய முதலில் அட்டையைக் கிழித்தாக வேண்டும். அசைவே வீரனின் குணம் என்பதால், பழைய வீரனை வாங்குபவர் வண்ணத்தைப் பார்ப்பதோடு முழங்கையையும் ஒருமுறை மடக்கிப் பார்ப்பது நல்லது.