ஊர் பேரோடு போன இணை அமைச்சர்

மோகனூர்ல கரும்பு வண்டிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களா? அப்போ ஒரு கேள்வி. நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர் ஒண்ணோட பேரு, மூணு தலைமுறையா தில்லி அமைச்சரவை வரைக்கும் போயிருக்கு. எந்த ஊர் தெரியுமா?

குமாரமங்கலம்!

அந்த ஊர் ஜமீன்தார் சுப்பராயன், நேரு காலத்து மத்திய அமைச்சர். மகன் மோகன், இந்திரா காந்தி அமைச்சரவையில. பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம், சேலம் மக்கள் மூணு தடவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வெச்சவர்.

தாத்தா, அப்பா பேரு பெருசா இருந்தாலும், 1991-ல நரசிம்ம ராவ் அரசுல இவர் இணை அமைச்சராத்தான் ஆரம்பிச்சாரு. சட்டத்துறை, நாடாளுமன்ற விவகாரம். இணை அமைச்சர்னா சும்மா இல்லைங்க. மூத்தவர் வராத அன்னைக்கு, சபையில எழுந்து நின்னு பதில் சொல்ற வேலையும் அவர் தலையிலதான் விழும்!

அப்புறம் கட்சி மாறினாரு, தொகுதியும் திருச்சிக்கு மாறுச்சு. வாஜ்பாய் அரசுல மின்துறைக்கு முழு அமைச்சரே ஆயிட்டாரு. மாறாம கூடவே வந்தது, அந்த ஊர் பேரு மட்டும்தான்.

சரி, வண்டி நகருதா பாருங்க. அடுத்து, பாட்டு!