செய்தவருக்கே உதவாத ரோபோ கால்! தெரியுமா?

லண்டன் மாரத்தானில் 2012 ஏப்ரல் 22 அன்று புறப்பட்ட ஒரு பெண், மே 8 அன்றுதான் எல்லைக்கோட்டைத் தொட்டார், தெரியுமா? கிளேர் லோமாஸ் அவர் பெயர். குதிரைச் சவாரி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, மார்புக்குக் கீழே அசைவற்றுப் போனவர். ‘ரீவாக்’ என்ற ரோபோ சட்டத்தைக் கால்களில் மாட்டி, இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக 42 கிலோமீட்டரையும் நடந்தே முடித்தார்!

உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் போதும், ரீவாக் அதை உணர்ந்து ஓர் அடி எடுத்து வைக்கும். இதைக் கண்டுபிடித்த இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் 1997-இல் ஒரு வண்டி விபத்தில் கை கால் நான்கும் முடங்கியவர். ஊன்றுகோலைப் பிடிக்கக் கையில் வலு வேண்டுமே? அதனால், தானே செய்த கருவியில் அவரால் நடக்க முடியவில்லை! ரீவாக்கை வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்த 2014-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. பலர் எழுந்து நடந்தார்கள். மனுஷன் சோர்ந்தாரா? தன்னைப் போன்றவர்களுக்காக, நின்றபடியே போகும் சக்கர நாற்காலி ஒன்றையும் உருவாக்கிவிட்டார்.

சரி, மூளையின் கட்டளையே வராவிட்டாலும் முதுகுத்தண்டுக்கு நடை தெரியும் என்பது தெரியுமா? 1911-லேயே பூனைகளை வைத்து இதைக் காட்டியவர் தாமஸ் கிரஹாம் பிரவுன். இவர் சாதாரண ஆள் இல்லை. ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் சிகரத்துக்குப் புது வழிகள் கண்ட மலையேறியும் இவரேதான்! பாதத்தில் பாரம் இறங்க வேண்டும், இடுப்பு பின்னோக்கி நீள வேண்டும். இந்தச் சேதிகள் கீழிருந்து வந்தால் தண்டுவட நரம்புகள் அடுத்த அடிக்குத் தயாராகின்றன. மனிதர்களிடம் அது பூனை அளவுக்குச் சுலபமாக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சேதியை ஆயிரக்கணக்கான முறை அனுப்பத்தான் சூரிச்சில் ‘லோகோமேட்’ என்ற ரோபோ இயந்திரம் பிறந்தது. அதற்கு முன்பு, நடைப்பட்டையின் இருபுறமும் பிசியோதெரபிஸ்டுகள் உட்கார்ந்து நோயாளியின் கால்களைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் முதுகே ஒடிந்துவிடும்! லோகோமேட்டில் உடலை மேலிருந்து கயிறு தாங்க, கால்களை மோட்டார் நடத்துகிறது. ஆனால் ஒரு சூட்சுமம்: எல்லாவற்றையும் மோட்டாரே செய்தால் அது உடற்பயிற்சியே இல்லை, சும்மா சவாரி. ஊன்றுகோலோடு தரையில் ரோபோ நடை போடும்போதுதான் மூச்சு வாங்குகிறது, தோளும் கையும் உழைக்கின்றன.

இதயக் கதை இன்னும் ஆச்சரியம்! இதயத்தை முடுக்கிவிடும் நரம்புகள் மார்பு முதுகெலும்பின் மேல்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு அந்த இணைப்பு அறுந்துவிடுவதால், எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 130-ஐத் தாண்டாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து “இவர் சோம்பேறி” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையும் சரியாக வராது. மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் கட்டாயம். இறுகிய பட்டையோ நிரம்பிய சிறுநீர்ப்பையோகூட ரத்த அழுத்தத்தைத் திடீரென்று எகிறவைக்கும். பாரம் தாங்காத கால் எலும்புகள் மெலிந்துபோயிருக்கும் என்பதால், சட்டத்தை மாட்டுமுன் எலும்பைச் சோதிப்பதும் அவசியம்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டல் கேட்பது வாரம் இருமுறை குறைந்தது 20 நிமிடம் மூச்சிரைக்கும் பயிற்சி, கூடவே இருமுறை தசை வலுப் பயிற்சி. அவ்வளவுதான்! மூச்சிரைக்கும் பயிற்சிக்கு ரோபோகூட வேண்டாம், கையால் சுழற்றும் பெடல் போதும். கோடீஸ்வர இயந்திரம் வரும்வரை காத்திருப்பானேன்?

இதையும் கேளுங்கள்: பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்காமல் கழிவை அள்ளும் ‘பேண்டிகூட்’ ரோபோவைச் செய்த திருவனந்தபுரம் ஜென்ரோபோட்டிக்ஸ் இளைஞர்களே, ‘ஜி-கெய்ட்டர்’ என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்திருக்கிறார்கள். அது கேரளத்தில் அரசு மருத்துவமனைக்குள்ளும் நுழைந்துவிட்டது!