கடலில் அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்தா? ஆளை இழுக்கும் 'ரிப் கரண்ட்' உருவாவது எப்படி?

பீச்சுக்குப் போனால் அலையில் கால் நனைக்காமல் வர மனசு வராது. அலை பொங்கி உடையும் இடத்துக்குப் பயந்து, பக்கத்தில் அலையே இல்லாத இடமாகப் பார்த்து இறங்குவார்கள் பலர். சிக்கலே அங்கேதான்.

அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளுகின்றன. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டுமே? கரையோரம் கடலுக்கு அடியில் மணல் மேடுகள் இருக்கும். மேட்டின் மேல் ஆழம் குறைவு என்பதால் அலை உடைந்து நுரைக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆழம் அதிகம். அங்கே அலை பெரிதாக உடையாது. கரையில் சேர்ந்த தண்ணீர் அந்தக் குறுகலான வழியாகச் சீறித் திரும்பும். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் நடக்கும் அதே கதை. இதுதான் ரிப் கரண்ட்.

இதன் வேகம் சில நேரம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரர்களே 50 மீட்டர் நீந்த 21 விநாடி எடுக்கிறார்கள். விநாடிக்கு சுமார் 2.4 மீட்டர்தான். அப்புறம் நாம் எதிர்த்து நீந்தினால் என்ன ஆகும்? கை ஓய்ந்துபோய்த்தான் பலர் மூழ்குகிறார்கள்.

உண்மையில் இது ஆளைக் கீழே இழுப்பதில்லை, கடலுக்குள் கொண்டுபோகும், அவ்வளவுதான். அகலமும் குறைவு. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகினால், அலை உடையும் இடம் வந்துவிடும். அந்த அலையே கரைப்பக்கம் தள்ளும். முடியாதவர்கள் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கலாம். கரையில் நிற்பவர்கள் பதறிப்போய்க் குதிக்காமல், காலி தண்ணீர் கேனை மூடி வீசலாம்.