சரக்காக எண்ணப்படும் வீரர்கள்: வட அமெரிக்க ஹொக்கியில் வதந்தியும் நடத்தையும்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கனடாவின் பெருநகரங்களில் ஒரே பேச்சாக இருக்கும். பனித்தளத்தில் ஆடப்படும் ஹொக்கியின் தலையாய போட்டித் தொடரான தேசிய ஹொக்கி லீக்கின் அணிகள், வீரர்களைத் தமக்கிடையே பரிமாறிக்கொள்வதற்கான இறுதி நாள் நெருங்குகின்ற காலம் அது. யார் போகின்றார், யார் வருகின்றார், யாருக்குப் பதிலாக யார் என்ற கேள்விகள் வேலைத்தலத்திலும் கோப்பிக் கடையிலும் ரயில் பெட்டியிலும் ஓயாது ஒலிக்கும்.

ஹொக்கி என்றதும் புற்றரையில் ஆடப்படும் ஆட்டத்தையே நினைக்கும் எமக்கு இது தொலைதூர விடயமாகத் தோன்றலாம். ஆயினும் ரொறன்ரோவிலும் அதனை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம் போன்ற இடங்களிலும் எமது நாட்டவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ளனர். அவர்களது பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்கின்றனர். ஒரு விளையாட்டு வீரரை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதையும் அவர்கள் இங்கிருந்தே கற்றுக்கொள்கின்றனர். ஆகவே இப்பேச்சின் பின்னணியைச் சற்று ஆழமாக நோக்குவது பயனுடையதாகும்.

சம்மதம் கேட்கப்படாத மாற்றம்

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் ஒரு வீரரை வேறொரு கழகம் பெற விரும்பினால், இரு கழகங்களும் விலையில் உடன்படுவது மட்டும் போதாது. வீரரும் புதிய கழகத்துடன் ஒப்பந்தம் செய்ய இணங்க வேண்டும். வட அமெரிக்க ஹொக்கியின் நடைமுறை வேறு. இங்கு ஒப்பந்தமே கைமாறுகின்றது. வீரரின் சம்பளமும் எஞ்சியிருக்கும் ஆண்டுகளும் எவ்வித மாற்றமுமின்றிப் புதிய அணியிடம் செல்கின்றன. ஒப்பந்தத்துடன் சேர்ந்து அவரும் செல்ல வேண்டியதுதான். பிள்ளைகளின் பாடசாலை, மனைவியின் தொழில், புதிதாக வாங்கிய வீடு எவையும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. காலையில் ஓர் அணியின் வீரராகப் பயிற்சிக்குச் சென்றவர், மாலையில் மற்றொரு நகரத்திற்கு விமானம் ஏறுவதும் உண்டு.

இதன் வேர் வீரரின் பதினெட்டாவது வயதிலேயே ஊன்றப்படுகின்றது. இளம் வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. எந்த அணி தன் பெயரை அழைக்கும் என்பதை வீரர் தீர்மானிக்க முடியாது. பொதுவாக 27 வயதை அடையும்வரை, அல்லது ஏழு பருவங்கள் ஆடி முடிக்கும்வரை, விரும்பிய அணிக்குச் செல்லும் முழுச் சுதந்திரமும் அவருக்குக் கிட்டாது. அந்த நிலையை எட்டிய பின்னரே, தன்னை மாற்றக்கூடாது என்றோ, குறிப்பிட்ட சில அணிகளுக்கு அனுப்பக்கூடாது என்றோ ஒப்பந்தத்தில் நிபந்தனை விதிக்கலாம். அதையும் பேரம் பேசும் வல்லமை உடையோரே பெறுகின்றனர்.

பரிமாற்றம் தண்டனைக் கருவியாகவும் பயன்பட்டதுண்டு. டெட்ரொயிட் ரெட் விங்ஸ் அணியின் நட்சத்திர வீரரான டெட் லிண்ட்சே, 1957 ஆம் ஆண்டில் வீரர்களுக்கெனச் சங்கம் அமைக்க முன்னின்றார். அதே ஆண்டில் அவர் சிக்காகோ அணிக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் சிக்காகோ பட்டியலின் அடியில் கிடந்த அணி. அந்த முயற்சியும் அப்போது முறியடிக்கப்பட்டது. நிலையான வீரர் சங்கம் உருவாக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வதந்தி பிறக்கும் இடம்

1988 ஓகஸ்ட் 9 ஆம் திகதி எட்மன்டன் அணி, ஹொக்கியின் ஈடிணையற்ற வீரராகக் கருதப்படும் வெய்ன் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு அனுப்பியது. அந்த அணி ஐந்து ஆண்டுகளில் நான்காவது தடவையாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்று சில மாதங்களே ஆகியிருந்தன. பிரதியாகக் கிடைத்தவற்றுள் வீரர்களும் வருங்காலத் தெரிவுரிமைகளும் மட்டுமன்றி ஒன்றரைக் கோடி டொலர் பணமும் அடங்கியிருந்தது. இதனை அரசாங்கம் தலையிட்டுத் தடுக்க வேண்டுமென்று கனேடியப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே குரலெழுப்பினார். கிரெட்ஸ்கியே மாற்றப்படலாம் என்றால் மாற்றப்பட முடியாதவர் எவருமில்லை என்ற எண்ணம் அன்று ரசிகர் மனத்தில் பதிந்தது.

வதந்திக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது சம்பள உச்சவரம்பாகும். அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான பிணக்கினால் 2004-05 பருவம் முழுவதும் இரத்தாகியது. அதன் பின்னர் ஒவ்வோர் அணியும் சம்பளத்திற்குச் செலவிடும் தொகைக்கு எல்லை விதிக்கப்பட்டது. முதலாவது பருவத்தில் 3 கோடி 90 இலட்சம் டொலராக இருந்த அந்த எல்லை, 2025-26 பருவத்தில் 9 கோடி 55 இலட்சம் டொலராக உயர்ந்திருந்தது. வீரர்களின் சம்பள விபரங்கள் பகிரங்கமானவை. எனவே ஓர் அணிக்கு எவரை வைத்திருக்க இயலும், எவரை விட நேரும் என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த ரசிகரும் கணக்கிட்டுவிடலாம். வதந்திகளில் ஒரு பகுதி இவ்வாறான கணக்கிலிருந்தே பிறக்கின்றது. மற்றொரு பகுதி, தமக்குச் சாதகமான செய்தியைக் கசியவிடும் முகவர்களிடமிருந்தும் அணி முகாமையாளர்களிடமிருந்தும் பிறக்கின்றது.

இதன் நடைமுறை விளைவை அண்மைய உதாரணமொன்று காட்டும். பின்லாந்து வீரரான மிக்கோ ரன்டனன் கொலராடோ அணியில் வளர்ந்து, அங்கேயே கிண்ணம் வென்றவர். ஒப்பந்தத்தின் இறுதிப் பருவத்தில் சம்பளப் பேச்சுவார்த்தை இழுபறியில் இருந்த வேளையில், 2025 ஜனவரி 24 ஆம் திகதி அவர் கரோலினா அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கு 13 போட்டிகளே ஆடினார். நீண்டகால ஒப்பந்தத்திற்கு அவர் இணங்காததால், மார்ச் 7 ஆம் திகதி டலஸ் அணிக்கு மாற்றப்பட்டு அங்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் செய்தார். ஆறு வாரங்களில் மூன்று நகரங்கள். வெளியேற்றச் சுற்றில் டலஸ் அணி எதிர்கொண்டதோ அதே கொலராடோவை. ஏழாவதும் இறுதியுமான ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மூன்று கோல்களை அடித்துத் தன்னை அனுப்பிவைத்த அணியை அவர் வெளியேற்றினார். அணியின் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு மனித உள்ளத்தை அளப்பதில்லை.

நடத்தைக்கு ஒரு விலை

உடலோடு உடல் மோதுவது இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. எனவே எது ஆட்டம், எது தாக்குதல் என்ற எல்லை எப்போதும் சர்ச்சைக்குரியதாகவே இருந்து வருகின்றது. 2011 முதல் வீரர் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவொன்று லீக்கில் இயங்குகின்றது. குற்றத்தின் தன்மை, ஏற்பட்ட காயம், வீரரின் முன்னைய வரலாறு ஆகியவற்றை ஆராய்ந்து தடை விதிப்பதும், அதற்கான காரணங்களை ஒளிப்பதிவுடன் விளக்குவதும் அதன் பணியாகும். தடைக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் வழியும் உண்டு.

எழுதப்பட்ட விதிகளோடு, எழுதப்படாத பழிவாங்கல் மரபும் இந்த ஆட்டத்தில் நெடுங்காலமாக நிலைத்திருந்தது. 2004 பெப்ரவரியில் கொலராடோ வீரர் ஸ்டீவ் மூர், வன்கூவர் அணித் தலைவரை மோதிக் காயப்படுத்தினார். லீக் அதற்குத் தண்டனை வழங்கவில்லை. அடுத்த சில வாரங்கள் வன்கூவரில் பழிக்குப் பழி என்ற பேச்சே மேலோங்கி நின்றது. மார்ச் 8 ஆம் திகதி அதே நகரில் நடந்த ஆட்டத்தில் டொட் பெர்ட்டுஸி, மூரைப் பின்னாலிருந்து தாக்கிப் பனித்தளத்தில் வீழ்த்தினார். கழுத்தெலும்பு முறிந்த மூர் மீண்டும் அந்த லீக்கில் ஆடவேயில்லை. பெர்ட்டுஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2005 ஓகஸ்டில் அவர் மீதான தடை நீங்கியது. 2006 இல் புளோரிடா அணிக்கு அனுப்பப்பட்டார். அப்பரிமாற்றத்தில் வன்கூவருக்குக் கிடைத்தவர் ரொபேர்ட்டோ லுவோங்கோ என்ற தலைசிறந்த கோல் காப்பாளர். வன்கூவர் ரசிகர்களின் பேச்சில் அது மிகச் சிறந்த வியாபாரமாக இன்றும் நிலைத்திருக்கின்றது. மூரின் வழக்கோ 2014 இலேயே சமரசமாக முடிவுற்றது. நடத்தை பற்றிய பேச்சு வியாபாரப் பேச்சாக மாறும்போது, பாதிக்கப்பட்டவர் முதலில் மறக்கப்படுகின்றார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காட்ரியின் கதை

பரிமாற்றமும் நடத்தையும் ஒருவரது வாழ்வில் எவ்வாறு பிணைகின்றன என்பதற்கு நஸீம் காட்ரி நல்ல உதாரணம். லெபனானியப் பூர்வீகம் கொண்ட முஸ்லிம் குடும்பத்தில், ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் பிறந்தவர் அவர். 2009 இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரை ஏழாவதாகத் தெரிவு செய்தது. திறமை மிக்கவர், கூடவே கட்டுக்கடங்காத கோபமும் உடையவர். 2018 வெளியேற்றச் சுற்றில் பொஸ்டன் வீரரொருவரை மோதியதற்காக மூன்று போட்டித் தடை பெற்றார். அடுத்த ஆண்டு அதே அணிக்கெதிரான அதே சுற்றில் மற்றொரு வீரரின் முகத்தில் மட்டையால் தாக்கியதற்காக, அச்சுற்றின் எஞ்சிய போட்டிகள் அனைத்திலிருந்தும் தடை செய்யப்பட்டார். இரு தடவையும் ரொறன்ரோ ஏழாவது ஆட்டத்தில் தோற்றது.

ரசிகர்களின் கோபம் நியாயமானதே. 2019 ஜூலை 1 ஆம் திகதி அவர் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன்னர் கல்கரி அணிக்கு அனுப்ப மேற்கொள்ளப்பட்ட முயற்சியைத் தமக்கிருந்த மறுப்புரிமையால் அவர் தடுத்திருந்தார். ரொறன்ரோவிலேயே இருக்க விரும்பியமையே காரணம். பின்கள வீரர் ஒருவரின் தேவையும் ரொறன்ரோவுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் பிரதியாகப் பெறப்பட்ட அந்தப் பின்கள வீரர் ஒரு பருவத்துடன் விலகிச் சென்றார். காட்ரியோ 2021-22 பருவத்தில் 71 போட்டிகளில் 87 புள்ளிகளைக் குவித்தார்.

இடையில் அவர் திருந்திவிட்டார் என்றும் கூறமுடியாது. 2021 மே மாதத்தில் சென் லூயிஸ் வீரரொருவரின் தலையில் மோதியதற்காக எட்டுப் போட்டித் தடை பெற்றார். லீக் ஆணையாளரிடம் செய்த மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தண்டனை அவருக்கு உரியதே. மறு ஆண்டு மே மாதம் அதே சென் லூயிஸ் அணியுடனான ஆட்டத்தில், பந்துக்குப் பதிலாகப் பயன்படும் தட்டை நோக்கி விரைந்தபோது அவரும் எதிரணிப் பின்கள வீரரும் ஒருசேரக் கோல் காப்பாளர் மீது விழுந்தனர். கோல் காப்பாளர் காயமுற்றார். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் காட்ரியின் கடந்தகாலப் பெயரைச் சுட்டிக்காட்டினார். லீக் எத்தண்டனையும் விதிக்கவில்லை.

ஆனால் அடுத்து நிகழ்ந்தது ஹொக்கி பற்றிய விவாதமே அல்ல. சமூக வலைத்தளங்களில் அவரது இனத்தையும் மதத்தையும் இழிவுபடுத்தும் செய்திகளும் மிரட்டல்களும் குவிந்தன. பொலிஸார் பாதுகாப்புக் குறித்துக் கவனம் செலுத்த வேண்டிய நிலை உருவாகியது. அடுத்த ஆட்டம் அதே நகரில் நடந்தது. அதில் காட்ரி மூன்று கோல்களை அடித்தார். கொலராடோ 6-3 என வென்றது. அவ்வாண்டு ஜூனில் கிண்ணத்தையும் வென்றது. ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற முதலாவது முஸ்லிம் வீரராக அறியப்படும் காட்ரி, ஓகஸ்டில் அதனைத் தமது பிறந்த நகரின் பள்ளிவாசலுக்குக் கொண்டுசென்றார். 2021 ஜூனில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நால்வர், அவர்களது மதத்தின் காரணமாக வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்ட நகரம் அதுவேயாகும். முன்னர் தாம் மறுத்த கல்கரி அணியுடன் அதே ஓகஸ்டில் அவர் சுயவிருப்புடன் ஏழாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டமை விதியின் விளையாட்டு எனலாம்.

அளவுகோல் எது?

காட்ரி குற்றமற்றவரென வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் செய்த குற்றங்களுக்கு விதிகளின்படி தண்டனை பெற்றார். அவற்றை ரசிகர்கள் கண்டித்ததில் தவறில்லை. செயலைக் கண்டித்த நாவு, அச்செயலைச் செய்தவரின் பிறப்பை நோக்கித் திரும்பிய கணத்தில்தான் தவறு தொடங்கியது. அந்தத் திருப்பத்திற்கு முன்கூட்டியே வழி சமைப்பது, வீரரை மனிதராகக் காணாது பேரம் பேசும் பொருளாகக் காணும் பழக்கமாகும். பெறுமதி உயரும்போது அவரது குற்றம் மறக்கப்படுகின்றது. தாழும்போது அவரது குடும்பமும் குலமும் ஏசப்படுகின்றன.

ரசிகர்களின் குரல் நன்மைக்கும் பயன்படலாம். பாடசாலைப் பருவத்தில் தன் கறுப்பின வகுப்புத் தோழனைக் கொடுமைப்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட இளம் வீரரொருவரை 2022 நவம்பர் 4 ஆம் திகதி பொஸ்டன் அணி ஒப்பந்தம் செய்தது. சொந்த ரசிகர்களே கொதித்தெழுந்தனர். அணியின் மூத்த வீரர்களும் தமது அதிருப்தியை மறைக்கவில்லை. இரண்டே நாட்களில் அணி அவரைக் கைவிட்டது. அங்கு ரசிகர்கள் கோல்களையும் சம்பளத்தையும் கணக்கிடவில்லை. பாதிக்கப்பட்ட சிறுவனை நினைத்துப் பார்த்தனர்.

வதந்தி பேசுவது விளையாட்டின் சுவையில் ஒரு பகுதி. அதை எவரும் தடுக்கத் தேவையில்லை. எனினும் நடத்தை பற்றிப் பேசும்போது, தன் அணி வீரருக்கும் எதிரணி வீரருக்கும், பெரும்பான்மையினருக்கும் சிறுபான்மையினருக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். செயலை அச்செயலின் அளவிலேயே எடைபோடுவதும், காயமுற்றவரை மறவாதிருப்பதும் அதன் இரு நிபந்தனைகளாகும். ஒருவர் செய்த பிழைக்கு அவரது சமூகமே பதில் சொல்ல வேண்டுமென்ற நியாயம் எவ்வளவு கொடியது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். பனித்தளத்தின் ஓரத்தில் அமர்ந்து ஆரவாரம் செய்யும் எமது பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் விதிகளோடு இந்த அளவுகோலையும் கற்பிப்பது பெற்றோரின் கடமையாகும்.